ஏணிப் படம் படித்த எலக்ட்ரீஷியன்

என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜுக்குப் பாம்புக் காது. நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன். அங்கே ரப்பரை அச்சில் வைத்து அமுக்குகிற ப்ரஸ் மெஷின்களை ஓட்டுவதற்கென்று சுவர் நீளத்துக்கு இரும்பு பீரோக்கள் நிற்கும். பேனல் என்பார்கள். உள்ளே முழுக்க ரிலேக்கள். ரிலே என்றால் வேறொன்றுமில்லை, கரன்ட் வந்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டு அடுத்த வேலைக்கு வழிவிடும் சின்ன சாமான். ஒன்று ஒட்டினால் ப்ரஸ் இறங்கும், இன்னொன்று விட்டால் ஏறும். அந்த டக் டக் சத்தத்தில் எது பிசகுகிறது என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

நான் ஜெயசீலி. ஆவடியில் பால்வாடி டீச்சர். என் அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து டாங்கி தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அதனால் என் வாயில் பாதி திருநெல்வேலி இருக்கும். இவர் கொரட்டூரில் பிறந்து வளர்ந்த ஆள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு "காபி நல்லா கீது" என்று சொன்னதும் என் அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"பீரோவ வெட்டிட்டாங்க ஜெயா. கேஸ் கட்டர் வச்சி துண்டு துண்டா. பழைய இரும்புக்குப் போவுது."

"எந்த பீரோ?"

"என் பேனலு. அதுக்கு பதிலா ஒரு சின்ன பேனலு, அதுக்குள்ள நம்ம டிபன் டப்பா மாதிரி ஒரு பொட்டி வந்துகீது. தொறந்து பாத்தேன். உள்ள ஒரு ரிலேகூட இல்ல. சத்தமே இல்ல. ப்ரஸ் பாட்டுக்கு ஏறுது, எறங்குது. யார் சொல்லி எறங்குதுன்னே தெரியல."

சத்தமில்லாமல் ஒரு மெஷின் ஓடுவதைப் பார்த்து மிரண்டுபோன ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. மிச்சத்தையும் அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் சண்முகசுந்தரம் எல்லா எலக்ட்ரீஷியன்களையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டாராம். இந்தப் பெட்டியைக் கற்றுக்கொள்கிறவன் கண்ட்ரோல் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளன். கற்றுக்கொள்ள முடியாதவன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போகலாம், அல்லது ஃபேனும் டியூப் லைட்டும் மாட்டிக்கொண்டு கிடக்கலாம். இவரோடு வேலைக்குச் சேர்ந்த தசரதன், ஓய்வு வாங்கிக்கொண்டு திருவேற்காட்டில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். இவர் கற்றுக்கொள்கிறேன் என்று கையைத் தூக்கியிருக்கிறார்.

கிண்டியில் வகுப்பு. பாடமெல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம் ஆன மனுஷன், காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் பால்வாடிச் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்காருவார். நான் தோசை சுட்டுக்கொண்டே கேள்வி கேட்பேன். பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், விடுமா?

அந்தப் பெட்டிக்கு எழுதுகிற ப்ரோக்ராமுக்கு, அதாவது பாடத்துக்கு, ஏணிப் படம் என்று பெயர். சிலேட்டின் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக ஒரு கோடு, நடுவில் படிகள். இடது கோட்டிலிருந்து கரன்ட் கிளம்பி ஒவ்வொரு படியிலும் வலப்பக்கம் போகப் பார்க்கும். வழியில் நிபந்தனைகள், ஒவ்வொன்றும் ஒரு கான்டாக்ட். காப்புக் கதவு மூடியிருக்கிறதா, அச்சு சூடேறியிருக்கிறதா, ஆபரேட்டர் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கியிருக்கிறாரா. எல்லாம் சரி என்றால் வலது ஓரத்து வட்டத்துக்குக் கரன்ட் போய்ச் சேரும், ப்ரஸ் இறங்கும். ஒன்று குறைந்தாலும் இறங்காது. இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான் என்றார், ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றில் ஆடிப்போய் வந்தார்.

"ஜெயா, ரிலேன்னா அதுல கரன்ட்டுக்கு வழிவுடற கான்டாக்ட்டு நாலே நாலுதான் இருக்கும். அதுக்கு மேல வேணும்னா இன்னோரு ரிலே மாட்டணும். நானு இத்தினி வருசமா கஞ்சன் மாதிரி அத்த மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சு வேல செஞ்சிருக்கேன். இதுல ஒரே கான்டாக்ட்ட எத்தினி வாட்டி வேணா எழுதிக்கலாமாம்! கேக்கவே ஆளில்ல!"

அதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். ஏமாந்துபோன மாதிரியும் இருந்தது, புதையல் கிடைத்த மாதிரியும் இருந்தது.

இன்னொரு நாள், அந்தப் பெட்டி ஏணியை மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு உடனே மறுபடி முதல் படிக்குப் போய்விடுமாம், கண் மூடித் திறப்பதற்குள் பல தடவை வாசித்துவிடுமாம், மெஷின் ஓடுகிற வரைக்கும் ஓயாதாம் என்று வந்து சொன்னார். "நம்ம ஜெபமாலை மாதிரி" என்றேன். "ஆமா, ஆனா ஒன்ன மாதிரி நடுவுல தூங்காது" என்றார். தோசைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன்.

எல்லாவற்றையும்விட அவரை உலுக்கிப்போட்டது பேட்டரி சமாசாரம். பெட்டிக்குள் எழுதிய பாடம் கரன்ட் இருக்கிற வரைக்கும் நிற்கும். கரன்ட் போனால் ஒரு சின்ன பேட்டரிதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது புதுசு போட வேண்டும். போடும்போது மெயின் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மெயினையும் அணைத்து, பேட்டரியையும் உருவினால் பாடம் அத்தனையும் அழிந்துவிடும்.

"இன்னா அநியாயம் பாரு. மெயினை ஆஃப் பண்ணாம பேனல்ல கை வச்ச பசங்கள நானு அறைஞ்சிருக்கேன். மொதப் பாடமே அதான எனக்கு! இப்ப ஆஃப் பண்ணா தப்பாம், ஆன்லயே கை வைக்கணுமாம்."

அவருக்கு அது ஜீரணமாகவில்லை. அதனாலேயே தினம் காலையில் கடைசிக் கேள்வியாக அதைத்தான் கேட்பேன். "பேட்டரி மாத்தும்போது?" பால்வாடிப் பிள்ளைகள் மாதிரி இழுத்துப் பாடுவார்: "கரன்ட்டு ஓடிக்கினே இருக்கணும் டீச்சர்!" பக்கத்து வீட்டுக்காரிக்கே அது மனப்பாடம்.

வகுப்பு முடிந்தது. கம்பெனியில் புதுப் பெட்டியில் ஏதாவது தகராறு என்றால் இவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் கிறிஸ்துராஜ்தான் கண்ட்ரோல் செக்‌ஷன் பொறுப்பு என்று மேனேஜர் சொல்லப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் குடும்பத்தோடு போவோம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் வருஷா வருஷம் பூஜைக்கு சீரியல் லைட் போடுகிறவர் இவர்தான், பொரி வாங்கிக் கொறிக்கிறவள் நான்தான். அந்த வருஷம் கல்யாணப் பட்டுச் சேலையையே எடுத்துக் கட்டினேன். என் புருஷன் பெயரை எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார்கள் அல்லவா.

கம்பெனி மாவிலையும் வாழையுமாக ஜொலித்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. தூபம் காட்டி முடித்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு தடவை ஓட்டிக்காட்டுவது அங்கே வழக்கம். ப்ரஸ்ஸின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ப்ரஸ் இறங்கி அதை நசுக்கினால் வருஷம் நல்லபடியாகப் போகும் என்று நம்பிக்கை. புது ப்ரஸ்ஸின் அடியில் பழத்தை வைத்துவிட்டு மேனேஜர், "கிறிஸ்துராஜ், நீங்களே ஓட்டுங்க" என்றார். நான் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நின்றேன்.

இவர் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். எலுமிச்சம்பழம் அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ, பூஜை அன்னிக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். இவரோ பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். நாகேந்திரன் என்று இவருக்குக் கீழே வேலை கற்ற எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் பேனலைத் திறந்து பார்த்தான்.

"சார், ப்ரோக்ராமே இல்ல. காலி சார்."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "நேத்து பேட்டரி மாத்தினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் இவர்.

"மெயினை ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"ஆஃப் பண்ணக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாது?"

இவர் தலையைக் குனிந்தார். நான் மனசுக்குள்ளே சொல்லுங்க, சொல்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"தெரியாது சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் தினம் என் அடுப்படி வாசலில் பாடிய மனுஷன்! பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்த விஷயம் இவருக்குத் தெரியாதாம். அத்தனை பேர் முன்னால் "கிண்டிக்கு அனுப்பினது தண்டம்" என்று மேனேஜர் சொன்னார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த பட்டுச் சேலை உடம்பெல்லாம் அரித்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "தெரியாதா? உங்களுக்கா தெரியாது? தினமும் சொன்னீங்களே!"

"மறந்துட்சி ஜெயா. வுடு."

"மறந்துட்டேன்னு சொல்லிருக்கலாம்லா? கை தவறிப் பட்டுட்டுன்னு சொல்லிருக்கலாம்லா?"

"அது கை பட்டுத் திரும்புற ஹேண்டிலா? ரெண்டு கையால புடிச்சி ஒடிக்கணும். நம்புவாங்களா? தெரியாதுன்னா ஒரு வார்த்தையோட முடிஞ்சிடும். வேற எதச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு நோண்டுவாங்க."

"நோண்டட்டுமே! உங்களுக்கு என்ன பயம்?"

சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுப்பு நாகேந்திரனுக்குப் போனது. இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு டியூப் லைட் மாட்டப் போனார். நிஜ ஏணி. பெங்களூரிலிருந்து ராஜசேகரன் என்று ஒரு எஞ்சினியர் வந்து, சூட்கேஸ் மாதிரி ஒன்றைத் திறந்து, வைத்திருந்த ஃப்ளாப்பியிலிருந்து பாடத்தைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டாராம். அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். இதை இவரே வந்து, ஏதோ அதிசயம் பார்த்துவிட்டு வந்த மாதிரி சொன்னார்.

"டீ ஆறுறதுக்குள்ளேயா?" என்றேன். ஒரு டீ ஆறுகிற நேரத்தில் திரும்பி வருகிற ஒன்றுக்காகவா இந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றார்? எனக்கு அதிர்ச்சியில் அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அதற்குப் பிறகு நான் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பால்வாடியிலேயே போட்டுவிட்டேன்.

அங்கேதான் ஒரு நாள் சொர்ணம் வந்தாள். இவர் கம்பெனியில் கேஷுவலாக, அதாவது தினக்கூலியாக, கூட்டிப் பெருக்கி, ரப்பர் பிசிறு வெட்டுகிற பெண். புருஷன் இல்லை. மகளைப் பால்வாடியில் சேர்க்க இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இவரை அண்ணே என்பாள், அதனால் நான் அண்ணி.

"அண்ணன் எப்டி கீறாரு அண்ணி? பாக்கவே பாவமா கீது. அந்த பெங்களூரு எஞ்சினியரு எல்லாருக்கும் மறுபடி பாடம் எடுத்தாரா, அண்ணன மொத வரிசைல உக்கார வச்சாரு. இது தொறந்த கான்டாக்ட்டு, இது மூடுன கான்டாக்ட்டுன்னு கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. அண்ணனும் சரி சார், சரி சார்னு கேட்டுக்கினாரு. கடைசில பேட்டரி எப்டி மாத்தணும்னு அண்ணனைக் கேட்டாரு. தெரில சார்னு சொல்ட்டாரு. அல்லாரும் சிரிச்சிட்டாங்க. பெருக்கிக்கினு இருந்த எனக்கே பேஜாரா பூட்ச்சு."

பாடம் எடுத்த பிறகுமா தெரியவில்லை? என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. மறதி என்றுகூட இனிமேல் சொல்ல முடியாது. இந்த மனுஷன் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பட்டது. அதற்குள் சொர்ணம் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"பூஜைக்கு மொத நாளு நானும் அங்கதான் அண்ணி இருந்தேன். யாராண்டயும் சொல்லாத. மெஷினுக்கெல்லாம் நான்தான் சந்தனம் வச்சேன். புது மெஷினுக்கு மூளையே அந்தப் பொட்டிதானாமே? மூளைய வுட்டுட்டு தகரத்துக்கு வச்சா சாமி இன்னா நெனைக்கும்? அண்ணன் பேனலோட அந்தாண்ட கதவாண்ட பேட்டரிய கைல வச்சினு நின்னுகினு இருந்தாரு. நானு இந்தாண்ட கதவத் தொறந்து கைய உள்ள வுட்டேன். மணிக்கட்டு வரைக்கும் சந்தனத் தண்ணி. அப்ப படார்னு ஒரு சத்தம். பொட்டில எரிஞ்ச லைட்டெல்லாம் அணைஞ்சி பூட்ச்சு. எட்டிப் பாத்தா அண்ணன் மெயின் ஹேண்டில ரெண்டு கையால புடிச்சினு நிக்கிறாரு. மூஞ்சில ரத்தமே இல்ல. பேட்டரி தரைல கெடக்கு."

"அப்புறம்?" என்றேன்.

"பொட்டு வச்சிட்டல்ல, போ, நீ இங்க வந்தத எவங்கிட்டயும் மூச்சு வுடாதன்னாரு. பேனல் கதவத் தொட்ட கேஷுவல அன்னிக்கே கேட்டுக்கு வெளில தள்றாங்கல்ல, அதுக்குத்தான் சொன்னாரு. போன வருசம் ஒருத்தன் சோத்து டப்பா சூடா இருக்கட்டும்னு பேனல் உள்ள வச்சிட்டு ஷாக்கடிச்சு வுழுந்தான் இல்ல, அதுலேர்ந்து அந்த ரூலு. அண்ணன் தங்கமான மனுசன். பேட்டரி மாத்த மெயினை அணைக்கக் கூடாதுன்னு மட்டும் அவருக்குத் தெரியாம பூட்ச்சே."

கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. ஓடுகிற கரன்ட். ஈரக் கை. கத்துவதற்கு நேரம் இல்லை, கத்தினால் திடுக்கிட்டு எங்கே கையை வைப்பாளோ. அவர் கையில் இருந்ததோ உருவி எடுத்த பேட்டரி. அணைத்தால் பாடம் போகும், பொறுப்பு போகும் என்று அந்த நொடியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. தெரிந்துதான் பேட்டரியைக் கீழே போட்டுவிட்டு ஹேண்டிலைத் திருப்பி அணைத்திருக்கிறார். ஏன் அணைத்தாய் என்று யாரும் நோண்டிவிடக் கூடாது என்று தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்னிடம்கூட. என் வாய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியுமே.

அவர் மேல் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. இவள் மேலும் வந்தது. உன் கைக்காகத்தானடி என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் சொர்ணம் சும்மா இருக்கிற பெண் இல்லை. நேரே மேனேஜரிடம் போய் என்னால்தான் என்று நிற்பாள். அன்று சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நிற்பாள். அந்தக் குழந்தை என் மேஜை மேல் கிடந்த சிலேட்டை எடுத்து நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீ டீச்சராச்சே" என்றாள் சொர்ணம். "ஊட்ல வச்சி அண்ணனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன். கத்துக்கினா மறுபடி அந்த வேலையக் குடுப்பாங்கல்ல?"

குழந்தையின் கையிலிருந்த சிலேட்டை வாங்கி மேஜை மேல் வைத்தேன்.

"எங்க சொர்ணம்," என்றேன். "அவருக்கு அதெல்லாம் தெரியாது. எவ்வளவு சொல்லிக்குடுத்தாலும் மண்டைல ஏறாது."